தண்ணீர் டேங்க் அரசமரம்

அஸ்தினாபுரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் எனக்கு ஒரு பட்டம் இருந்தது. ‘அரசமரம் புடுங்குற சார்.’ கிண்டியில் ஒரு கம்பெனியில் பதினாறு வருஷமாக ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அது தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ரேஷன் கடை வரிசையில் நின்றால்கூட, “அரசமரம் புடுங்குற சார் வந்துகீறாரு, வழி உடுங்க” என்றுதான் சொல்வார்கள். வழி விட்டதில்லை என்பது வேறு விஷயம்.

பட்டம் வந்த கதை இது. எங்கள் பக்கத்தில் வீடு கட்டி இரண்டு மழை பார்த்துவிட்டால் போதும், சுவரில் எங்காவது ஒரு அரசங்கன்று எட்டிப் பார்க்கும். காக்காய் பழத்தைத் தின்றுவிட்டு சன்ஷேடு மேல் உட்கார்ந்துவிட்டுப் போகிறது. விரிசலுக்குள் வேர் இறங்குகிறது. முருங்கையோ கருவேலமோ என்றால் யாரும் யோசிக்காமல் பிடுங்கி எறிவார்கள். அரசு என்றால் ஒருவரும் தொட மாட்டார்கள். வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது. விட்டால் சுவர் ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் வேலைக்கு வந்தேன்.

எனக்கு அப்போது குட்டை மரப் பைத்தியம் பிடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பைத்தியம் என்பது என் மனைவியின் சொல். மொட்டை மாடியில் ஓர் ஆல், இரண்டு இச்சி, ஒரு போகன்வில்லா, எல்லாம் முழங்கை உயரத்தில் தட்டைச் சட்டிகளில் நின்றன. செம்மண், ஆற்று மணல், செங்கல் தூள் மூன்றையும் சலித்துக் கலக்க வேண்டும். வீட்டில் இருந்த ஒரே சல்லடையில் சலித்தேன். “இனிமே சப்பாத்தி மாவையும் நீங்களே சலிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு அவள் புதுச் சல்லடை வாங்கப் போய்விட்டாள். போர் தண்ணீர் ஊற்றினால் சட்டி விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. அதனால் மரங்களுக்குக் கேன் தண்ணீர். விருந்தாளிகளுக்குக் காய்ச்சி ஆறவைத்த போர் தண்ணீர். இதில் அவளுக்கு ஒரு வருத்தம் உண்டு, இன்றைக்கும் தீரவில்லை.

நாங்கள் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே ஹவுஸ் ஓனரும் அவர் மனைவியும். அந்த ஊரிலேயே பழைய குடும்பம். செம்பாக்கம் ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர்கள். நிலத்தை மனை போட்டு விற்று, மூன்று வீடு கட்டி, மெயின் ரோட்டில் சிமெண்ட், கம்பிக் கடை வைத்திருந்தார்கள். ஓனர் எந்நேரமும் யாரையாவது சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். சத்தம் இல்லை என்றால் ஊரில் இல்லை என்று அர்த்தம். ஓனரம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வலி. காலையில் மோட்டார் போட்டுவிட்டு மறந்துபோவது அவருடைய வழக்கம். மறந்ததற்கு ஓனர் கத்துவதும் வழக்கம். எங்களுக்கு அலாரம் தேவைப்பட்டதில்லை.

எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்புக் குழாய் போட்டே ஆக வேண்டும் என்று தோண்டிக்கொண்டிருந்த வருஷம் அது. எங்கள் வீட்டுக்குக் குழாய் போட வந்த மேஸ்திரி மொட்டை மாடிக்குப் போய்விட்டு ஓடி இறங்கி வந்தார். தண்ணீர் டேங்குக்கு அடியில் இருந்த மேடைச் சுவரை ஓர் அரசு பிளந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் தடிமன். இரண்டு வருஷமாகத் தினமும் அந்தப் பக்கம் போய் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிற நானே அதைக் கவனிக்கவில்லை. சட்டியில் இல்லாத மரம் என் கண்ணில் படுவதில்லை.

“யக்கா, இத்த நான் தொட மாட்டேன். எனக்கு ரெண்டு பொண்ணு கீது” என்றார் மேஸ்திரி.

“பெருங்காயத்த கரைச்சி ஊத்து. இல்லாங்காட்டி ஆசிட்ட ஊத்து. ஒரு மரத்துக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு?” என்று ஓனர் கீழே இருந்தே கத்தினார்.

“யோவ், வாய கழுவு. வூடு கட்டன வருசம் மொளைச்சது அது. நம்பளோட குடி வந்த மரத்துக்கு ஆசிட் ஊத்துவியா நீ?” என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க தான் சட்டியில மரம் வளக்குறீங்களே. இத்தயும் ஒரு சட்டியில வச்சிக்கோங்க. ஆனா உசுரோட எடுக்கணும். செத்துச்சுன்னா பாவம் எங்க வூட்டு மேல தான் வுழும்.”

அரசு குட்டை மரத்துக்கு லாயக்கில்லாத மரம். இலை பெரிசு, கணு நீளம், சொன்ன பேச்சு கேட்காது. இதையெல்லாம் நான் விளக்க ஆரம்பித்தேன். அக்கா கற்பூரம் வாங்கக் கடைக்குப் போய்விட்டார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. உளியும் சுத்தியலும் வைத்து வேரைச் சுற்றிச் சிமெண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தினேன். ஈரச் சாக்கை வேர்மேல் போட்டுப் போட்டு எடுத்தேன். விரிசலுக்குள்ளேயே வளர்ந்ததால் அடிமரம் உருண்டையாக இல்லாமல் தோசைக்கரண்டி மாதிரி தட்டையாக இருந்தது. இந்தத் தொழிலில் அப்படி ஒரு அடிமரம் கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம். அந்தச் சந்தோஷத்தில் கை வழுக்கியது. உளி மரத்தின் கழுத்தில் பாய்ந்து, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு காயம். பால் வடிந்தது. “ஐயோ” என்று அக்கா தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஓடிப்போய் மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்து காயத்தில் பூசினார். நான் பூச வைத்திருந்த மருந்து டப்பாவைத் திறக்கவே விடவில்லை.

சட்டியில் வைத்ததும் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டினார். சட்டியின் நான்கு பக்கமும் குங்குமம் வைத்தார். “போய்க்கினு வா ராசா. வூட்ட உட்டு எங்கியும் போல. சார் ஊட்டாண்ட தான் போற. அவர மட்டும் நல்லா பாத்துக்கோ” என்று மரத்திடம் சொன்னார். அவர் என்றது ஓனரை. ஓனர் அப்போது கீழே மேஸ்திரியைக் கூலிக்காகத் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மரம் பிழைத்தது. அதுதான் நான் செய்த தப்பு. செத்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். பிழைத்ததால் செய்தி பரவிவிட்டது. குரோம்பேட்டையிலிருந்தும் சேலையூரிலிருந்தும் ஆள் வந்தார்கள். “சார், எங்க பாத்ரூம் சுவத்துல ஒண்ணு இருக்கு, உயிரோட எடுத்துடுவீங்களாமே?” ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ரூம் வாடகைக்கு விடும் ஒருவர் மூன்றாவது மாடிச் சுவரிலிருந்து ஒன்றை எடுக்கச் சொன்னார். எடுத்து, பக்கெட்டில் வைத்து, மின்சார ரயிலில் கொண்டுவந்தேன். பக்கத்தில் நின்றவர் வழி முழுக்க அதைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தார்.

எல்லோரும் போட்ட நிபந்தனை ஒன்றுதான். சாகக் கூடாது. மாதம் ஒருமுறை போன் செய்வார்கள். “சார், எங்க மரம் சௌக்கியமா?” நான் சௌக்கியமா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆல், அத்தி, அரசு என்று, பழையவற்றோடு சேர்த்து ஒன்பது சட்டி ஆகிவிட்டது. ஸ்டோர் கீப்பர் புத்தி சும்மா இருக்குமா? ஒவ்வொன்றுக்கும் தகரத்தில் நம்பர் அடித்துத் தொங்கவிட்டேன். அக்காவின் மரம் நம்பர் ஒன்று. பொத்தேரி மரம் நம்பர் ஏழு. ஊரே எல்லாவற்றையும் அரசு என்று சொன்னாலும் நிஜ அரசு இவை இரண்டும்தான்.

இந்த நிலையில்தான் பழைய புத்தகக் கடையில் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். ஏதோ பனி பெய்கிற தேசத்துக்காரர் எழுதியது. வழுவழுத் தாள், கலர் படம். வெப்பநாட்டு மரங்களைக் குளிர்காலம் தொடங்கியதும் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும், ஓர் இரவுகூட வெளியே விடக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. வெப்பநாட்டு மரம் முழுக்க இலையை உதிர்த்தால் அநேகமாக வேர் அழுகிவிட்டது, ஆசையை விட்டுவிடுங்கள் என்றும் போட்டிருந்தது. நான் விதிமுறை என்று அச்சில் எதைப் பார்த்தாலும் கீழ்ப்படிகிறவன். குளிர்காலம் என்றால் மார்கழி. மார்கழி வந்தது. மரத்தை உள்ளே எடுத்தேன்.

தாம்பரம் பக்கத்தில் மார்கழியில் மின்விசிறி ஐந்தில் ஓடாது, மூன்றில் ஓடும். அதுதான் எங்கள் குளிர். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் புத்தகம் எழுதியவருக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

“ஒன்பது சட்டியும் ஹாலுக்கு வரணும்னா, நாமெல்லாம் மொட்டை மாடிக்குப் போயிடலாமா?” என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு மரத்துக்கு அனுமதி கிடைத்தது. எது செத்தால் எனக்கு அதிகம் ஆபத்தோ அதை எடுத்தேன். நம்பர் ஒன்று ஜன்னலோரம், டிவிக்குப் பக்கத்தில் குடியேறியது. ஜன்னலுக்கு எதிரே இரண்டடியில் பக்கத்து வீட்டுச் சுவர். வெயில் ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் எட்டிப் பார்க்கும். அடியில் கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர். காற்று நேராக அடிக்கக் கூடாது என்று புத்தகம் சொன்னதால் ஹால் மின்விசிறியை நிறுத்தினேன். “மரத்துக்கு ஒரு ஸ்வெட்டர் போடலையா?” என்றாள். குடும்பமே வேர்த்துக்கொண்டு சீரியல் பார்த்தது.

தை பிறந்து பொங்கல் முடிந்த வாரம், ஓனர் கடையில் ஒரு ஆளைத் திட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் பாதியில் நிறுத்தினார் என்றதுமே எல்லோருக்கும் விபரீதம் என்று புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத்தில் மூன்று அடைப்பு, ஆபரேஷன் செய்ய வேண்டும், சர்க்கரை இறங்கட்டும், இறங்கியதும் நாள் குறிக்கலாம் என்றார்கள்.

மறுநாள் காலை ஆறரைக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது. அக்கா. கையில் சாப்பாட்டுப் பை, தோளில் பிளாஸ்க். முழங்கால் வலியோடு மாடி ஏறி வந்திருந்தார்.

“மரம் நல்லா கீதா சார்?”

“நல்லா இருக்குக்கா.”

ஹாலுக்குள் வந்து பார்த்தார். கையோடு கொண்டுவந்த சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். போர் தண்ணீர்தான். சட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும். தினமும் அதே கேள்வி, அதே பதில். கீழே மோட்டாரைப் போட்டுவிட்டுத்தான் மேலே வருவார். வந்ததும் அதை மறந்துவிடுவார். டேங்க் நிரம்பி மொட்டை மாடியெல்லாம் வழியும். கத்துவதற்கு ஆள் இல்லை.

ஒரு நாள் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: “உங்களாண்ட சொல்றதுக்கு இன்னா சார். அது நல்லா கீற வரைக்கும் அவருக்கு ஒண்ணும் ஆவாதுன்னு மனசுல வந்து உக்காந்துக்கினு கீது. அன்னிக்கு அதுங்கிட்ட நான் தான ஒப்படைச்சேன்? பைத்தியம்னு நெனச்சிக்காதீங்க.”

நினைத்துக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் மரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

மாசி மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் ஏதோ டெஸ்டுகள். அக்கா மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார். அந்த மூன்று நாளில்தான் அது நடந்தது. முதல் நாள் நான்கு இலை மஞ்சளாகி விழுந்தது. இரண்டாம் நாள் காலையில் டிவி மேல், சோபா மேல், என் டிபன் பாக்ஸ் மேல் எல்லாம் இலை. மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சட்டியில் ஒரு குச்சி நின்றது. மஞ்சள் கயிறு கட்டிய குச்சி.

மொட்டை மாடிக்கு ஓடினேன். அங்கே நம்பர் ஏழு, நான் எந்த ராஜ மரியாதையும் செய்யாத பொத்தேரி மரம், வெயிலில் பச்சைப்பசேல் என்று ஆடிக்கொண்டிருந்தது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? வெளியே விட்டது நன்றாக இருக்கிறது, உள்ளே வைத்ததை நான் கொன்றுவிட்டேன். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஆசையை விட்டுவிடுங்கள் என்ற வரி அப்படியே இருந்தது. பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும், தெரிந்தால் உயிர் இருக்கிறது என்பது இந்தத் தொழிலில் பால பாடம். ஒரு கிளையின் நுனியில் சுரண்டினேன். பழுப்பு. அடிமரத்தில் இன்னொரு இடத்தில் சுரண்டிப் பார்த்திருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை.

“உண்மையைச் சொல்லிடுங்க” என்றாள் மனைவி.

“நாளன்னைக்கு ஆபரேஷன். இப்ப போய் உங்க மரம் செத்துப்போச்சுன்னு சொல்லவா?”

அவள் சோபா மேல் கிடந்த இலைகளைப் பொறுக்கினாள். பிறகு, “அந்தப் பொத்தேரி மரமும் இதே தடிமன்தானே?” என்றாள். யோசனை அவளுடையது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவள் இன்றுவரை மறுக்கிறாள்.

மத்தியானம் தெருவே தூங்குகிற நேரத்தில் காரியத்தை முடித்தோம். நம்பர் ஏழைச் சட்டியிலிருந்து எடுத்து, குங்குமம் வைத்த சட்டிக்கு மாற்றினேன். மஞ்சள் கயிற்றை அவிழ்த்து இதற்குக் கட்டினேன். தகர நம்பரை மாற்றினேன். பதினாறு வருஷ சர்வீஸில் ஒரு போல்ட்டைக்கூட இன்னொன்றுக்குப் பதிலாகக் கணக்குக் காட்டியவன் இல்லை நான். நம்பர் ஏழின் அடிமரம் அவ்வளவு தட்டையில்லை, கழுத்தில் உளிக் காயமும் இல்லை. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். நம்பர் ஒன்றை மண்ணோடு ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு டேங்குக்குப் பின்னால் ஒளித்தேன். தூக்கி எறிய மனசு வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் குப்பைக்குப் போக வேண்டும் என்றால் கேட் வழியாகத்தான் போக வேண்டும், கேட்டுக்குப் பக்கத்தில் ஓனர் வீட்டு வாசல். அதுதான் காரணம்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு மணி அடித்தது.

அக்கா உள்ளே வந்தார். மரத்துக்கு முன்னால் நின்றார். மூன்று நாள் தூக்கமில்லாத முகம். சொம்புத் தண்ணீரை ஊற்றினார். பிறகு வழக்கமில்லாத வழக்கமாகக் கையை நீட்டி அடிமரத்தைப் பின்பக்கமாகத் தடவிக் கொடுத்தார். என் மனைவி சமையலறையில் எதையோ கீழே போட்டாள். அக்கா கையை எடுத்துக்கொண்டார். பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார், செருப்பை மாட்டினார், போய்விட்டார்.

“தப்பிச்சோம்” என்றேன்.

“நல்லா கீதா சார்னு இன்னிக்குக் கேக்கலையே” என்றாள் மனைவி.

“கண்ணால பார்த்தாச்சு. அப்புறம் எதுக்குக் கேக்கணும்?”

ஆபரேஷன் அன்று விடிந்தும் விடியாமலும் வந்தார். மரத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார். உதடு மட்டும் அசைந்தது. அந்தப் பொத்தேரி மரம் எதுவும் தெரியாமல் இலையை ஆட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொன்னதற்காகக்கூட இல்லை, அந்தப் பொய் இவ்வளவு செழிப்பாக நிற்கிறதே என்று. அக்கா போனதும் அன்று லீவு போட்டுவிட்டு, போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மனைவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்களுக்குள் அன்று சண்டையே வரவில்லை. சாயந்திரம் ஓனரின் மச்சான் போன் செய்தார். “நல்லபடியா முடிஞ்சிச்சு சார்.” மனைவி அழுதாள். நான் போய் மரத்துக்குக் கேன் தண்ணீர் ஊற்றினேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் ஓனர் வீட்டுக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். நடக்க வேண்டும், உப்பு கூடாது, முக்கியமாகச் சத்தம் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் இரண்டையும் கேட்டார். அக்கா தினமும் வருவது நிற்கவில்லை. வருவார், தண்ணீர் ஊற்றுவார், தொட்டுக்கொள்வார், போவார். அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவே இல்லை. நானும் பழகிவிட்டேன். டேங்குக்குப் பின்னால் இருந்த பெயின்ட் டப்பாவை மறந்தே போனேன். மறந்தேன் என்பதும் முழு உண்மை இல்லை. அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன்.

பங்குனி பிறந்து ஒரு வாரம். அக்கா சொம்போடு நின்றுகொண்டிருக்கும்போதே, அவர் கண்ணெதிரிலேயே, நம்பர் ஏழிலிருந்து ஒரு மஞ்சள் இலை கழன்று டிவி மேல் விழுந்தது. கூடவே இன்னொன்று. இதையும் கொன்றுவிட்டேன். இனி மாற்ற மரம்கூட இல்லை.

“அக்கா, நான் ஒண்ணுமே பண்ணலைக்கா. நேத்துவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. வேணும்னா உரம் வச்சு…”

அக்கா என்னைப் பார்த்தார். பல வாரத்துக்குப் பிறகு சிரித்தார்.

“இன்னா சார் நீங்க! இத்தினி வருசமா மரம் வளக்குறீங்க. மாசி பங்குனியில அரசு இலைய கொட்டாம இன்னா பண்ணும்? மொத்தமா கொட்டி மொட்டையா நிக்கும். அப்பால பத்து பாஞ்சி நாள்ல செவசெவன்னு துளுக்கும் பாருங்க. ஏரிக்கரையில போய் பாருங்க, ஒண்ணு கொட்டிக்கினு கீது, ஒண்ணு துளுத்துக்கினு கீது. எல்லா மரமும் ஒரே நாள்லயா கொட்டும்?”

எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. நான் வாங்கிய புத்தகத்தில் இல்லை என்று சொல்ல வேண்டும். ஏரிக்கரை எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. நான் போனதில்லை.

“மொட்டையா நின்னா… செத்ததா அர்த்தம் இல்லையா?”

“செத்தா காய்ஞ்சி ஒடியும் சார்.”

சொல்லாமல் கொள்ளாமல் மாடிப்படியில் ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. டேங்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. காலையில் போட்ட மோட்டார் இன்னும் ஓடியது. வழிந்த தண்ணீர் மேடைச் சுவரைப் பிடித்து இறங்கி, பின்னால் இருந்த பெயின்ட் டப்பாவில் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் சொட்டியிருக்கிறது. அக்கா மாடி ஏறி வந்து தப்பான மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிய ஒவ்வொரு காலையிலும் இங்கே சொட்டியிருக்கிறது.

டப்பாவுக்குள் அந்தக் குச்சி. குச்சி முழுக்கத் தளிர். செப்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்த மாதிரி பளபளவென்று பதினோரு இலை. எண்ணினேன். ஸ்டோர் கீப்பர் வேறு என்ன செய்வான்? இரண்டாவது முறை எண்ணும்போது கண்ணீர் மறைத்துவிட்டது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா ஒவ்வொரு படியாக ஏறி வந்து சேர்ந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையை நேராக மரத்தின் கழுத்துக்குக் கொண்டுபோனார். சுண்டுவிரல் நீளக் காயம் ஆறித் தழும்பாகியிருந்தது. அதை விரலால் ஒருமுறை தடவினார்.

“தோ கீறான் பாரு” என்றார்.

நான் பேச ஆரம்பித்தேன். புத்தகம், மார்கழி, மூன்று நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாவற்றையும் உளறினேன். பொத்தேரி என்று சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். “எங்களுது இல்லன்னு தெரியும் சார்.”

“எப்பத்திலேர்ந்து?”

“மாத்தி வச்சீங்களே, அன்னிக்கே. கைய வச்சேன், வடு இல்ல.”

ஆபரேஷன் அன்று விடியற்காலையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அது தன் மரம் இல்லை என்று தெரிந்தேதான் நின்றிருக்கிறார்.

“ஏன்க்கா என்கிட்ட கேக்கல? எங்க மரம் எங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

அக்கா முந்தானையால் ஒரு தளிர்மேல் இருந்த தண்ணீரைத் துடைத்தார். அது மறுபடியும் நனைந்தது.

“கேட்டா சொல்லிடுவீங்களே சார்” என்றார்.

கீழே இருந்து ஓனரின் குரல் வந்தது. “டேங்கு ரொம்பி தெருவுக்கே ஓடிக்கினு கீது! மோட்டார போட்டுட்டு எவ மேல போய் நின்னுக்கினு கீறா?” டாக்டர் கேட்டிருந்தால் வேலையை விட்டிருப்பார். அக்கா எழுந்துபோய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார். ஓனர் லுங்கியோடு கேட்டருகே நின்று, மேலே பார்த்து இன்னொரு தடவை கத்தினார். அக்கா அவர் கத்தி முடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். நான் மோட்டாரை நிறுத்தப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன்.

“இருங்க சார், அவரு கத்தட்டும்” என்றார்.